மினி ஆர்க்கிட் எவ்வளவு வளரும், எப்போது நிற்கும்? வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மினி ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்கியவர்களிடமிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். "வாங்கி ஆறு மாசம் ஆச்சு, அப்படியே இருக்கே, ஏன்?" என்பது ஒன்று. "மினின்னு சொன்னாங்க, இலை என்ன இவ்வளவு நீளமா போகுது?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கும். கடைசியாக வந்த இலையை அதற்கு முந்தைய இலையோடு ஒப்பிட்டால் செடி எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் அந்த ஒப்பீட்டுக்கு முன் வேர், வெளிச்சம், தண்ணீர், உரம் என்ற வரிசையில் வேலைகளை முடித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால், எதனால் வளர்ந்தது, எதனால் நின்றது என்பதே பிடிபடாது.

தொடங்கும் முன் தேவையானவை

மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல், ஒரு நோட்டு, பென்சில், பிளாஸ்டிக் பெயர்ப்பட்டை. பேனா மை வெளிச்சத்திலும் ஈரத்திலும் மங்கிவிடும், பென்சில் எழுத்து நிற்கும். வேர் வெளியே தெரிகிற மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டிகள், 5 செ.மீ மற்றும் 7 செ.மீ விட்டத்தில். 3 முதல் 6 மி.மீ அளவுள்ள மரப்பட்டைத் துண்டுகள், ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசி கொஞ்சம். கூர்மையான சின்னக் கத்தரி. அறையின் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிவு செய்யும் வெப்பமானி.

பட்டையின் அளவைக் கவனியுங்கள். பெரிய ஆர்க்கிட்டுக்கு விற்கும் பெரிய துண்டுகளை 5 செ.மீ தொட்டியில் போட்டால் இடையில் வெற்றிடம்தான் அதிகம் இருக்கும். மினி செடியின் மெல்லிய வேர் அந்த இடைவெளியில் தொங்கிக் காய்ந்துபோகும்.

1. பெயரை உறுதி செய்யுங்கள்

பூந்தண்டைச் சேர்க்காமல் செடி மட்டும் 15 செ.மீ உயரத்துக்குள் இருந்தால் மினி என்பது வளர்ப்பவர்களிடையே உள்ள பொதுவான கணக்கு. கடைப் பட்டையில் இருக்கும் 'மினி' இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதல்ல. சில சமயம் தொட்டிதான் மினி, செடி அல்ல.

ஃபலனாப்சிஸ் ஜைகாண்டியாவின் இளஞ்செடி உள்ளங்கைக்குள் அடங்கும். முழுதாக வளர்ந்தால் ஒரே இலை அரை மீட்டரைத் தாண்டும். டென்ட்ரோபியம் கிங்கியானம் என்ற ஒரே இனத்துக்குள்ளேயே தண்டு 5 செ.மீ-யில் நிற்கும் செடியும் உண்டு, 30 செ.மீ வரை போவதும் உண்டு. ஆகவே இனத்தின் பெயர் மட்டும் போதாத இடங்களும் இருக்கின்றன. கலப்பினமாக இருந்தால் இரண்டு பெற்றோரின் அளவையும் பாருங்கள். ஒன்று பெரிதாக இருந்தால் குழந்தையும் பெரிதாகப் போக வாய்ப்பு உண்டு.

நிச்சயமாகச் சின்னதாகவே இருப்பவை வேண்டுமென்றால் ஹராயெல்லா ரெட்ரோகல்லா, கட்லேயா செர்னுவா, லெபாந்திஸ் இனங்கள், வாண்டா ஃபல்கேட்டாவின் குட்டை இலை வகைகள் போன்றவற்றைத் தேடலாம். இதில் லெபாந்திஸுக்குக் குளிர்ச்சியும் நல்ல காற்று ஈரமும் வேண்டும். முதல் செடியாக அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பெயரே இல்லாத செடி கையில் இருக்கிறதா? பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே பூத்த செடி முழு அளவை நெருங்கியிருக்க வாய்ப்பு அதிகம், பூக்காத செடியைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. விற்பனைக்கு வளர்க்கும் தொட்டிப் பூச்செடிகளுக்கு, குட்டையாக இருப்பதற்காக வளர்ச்சி அடக்கும் மருந்து கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதன் வேகம் தீர்ந்த பிறகு வரும் தண்டு முந்தையதைவிட நீளமாக வரலாம். அது நோயல்ல.

2. எந்த முறையில் வளர்கிறது என்று பாருங்கள்

ஆர்க்கிட்டில் இரண்டு முறை. ஃபலனாப்சிஸ், வாண்டா, ஹராயெல்லா போன்றவை ஒற்றைத் தண்டு வகை. உச்சியில் ஒரே குருத்து, அதிலிருந்து இலை மேலே மேலே வந்துகொண்டே இருக்கும். கட்லேயா, டென்ட்ரோபியம், டொலும்னியா, மாஸ்டிவேலியா போன்றவை படரும் வகை. ஒரு தண்டு வளர்ந்து நிற்கும், அதன் அடியிலிருந்து பக்கத்தில் அடுத்தது கிளம்பும். பலவற்றில் அந்தத் தண்டு தண்ணீரைச் சேமித்துத் தடித்திருக்கும், அதைத்தான் சூடோபல்ப் என்கிறார்கள்.

இதை முதலிலேயே பிரித்துத் தெரிந்துகொள்ளக் காரணம், 'வளர்ச்சி நின்றுவிட்டது' என்பதன் பொருள் இரண்டிலும் வேறு. கட்லேயாவில் ஒரு தண்டு முதிர்ந்து நின்றால் அது இயல்பு, அடுத்த குருத்து வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஃபலனாப்சிஸில் உச்சிக் குருத்து அழுகி நின்றுவிட்டால் அந்தத் தண்டின் கதை அத்தோடு முடிந்தது. அடியிலிருந்து பக்கக் குருத்து வந்தால்தான் செடி பிழைக்கும்.

3. முதல் நாள் அளவை எழுதிவையுங்கள்

ஒற்றைத் தண்டு வகையில் நான்கு எண்கள் போதும்: முழுதாக விரிந்த கடைசி இலையின் நீளம், அதன் அகலம், ஒரு பக்க இலை நுனியிலிருந்து எதிர்ப்பக்க இலை நுனி வரை உள்ள விரிவு, இலைகளின் எண்ணிக்கை.

படரும் வகையில் ஒவ்வொரு தண்டையும் பழையதிலிருந்து புதியது வரை வரிசையாக அளந்து எழுதுங்கள். இங்கே ஒரு வசதி இருக்கிறது. செடியின் கடந்த சில ஆண்டு வரலாறு முழுவதும் தொட்டிக்குள்ளேயே நிற்கிறது. 12, 15, 19, 14 மி.மீ என்று வந்தால், மூன்றாவது தண்டு வரை நன்றாக இருந்த செடிக்கு நான்காவது வளரும்போது ஏதோ குறைந்திருக்கிறது என்று படிக்கலாம். பெரும்பாலும் அது இடம் மாறிய காலமாக இருக்கும்.

அகலத்தை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் அளப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. வெளிச்சம் குறைந்தாலும் இலை நீளும். அதை வளர்ச்சி என்று நினைத்துச் சந்தோஷப்படுவார்கள். நீளம் கூடி அகலம் குறைந்தால் செடி வெளிச்சத்தைத் தேடுகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, முழுதாக விரிந்து முடித்த இலை மறுபடி வளராது. போன வருடத்து இலையை மாதாமாதம் அளந்து "ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை" என்று கவலைப்படுவதில் பயனில்லை. அளக்க வேண்டியது புதியதை. மாதம் ஒரு முறை போதும்.

4. வேரைப் பாருங்கள், தொட்டியை அப்புறம் முடிவு செய்யுங்கள்

வெளிச்சத்துக்கு முன் வேரைப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. வேர் இல்லாத செடியை நல்ல வெளிச்சத்தில் வைத்தால் இலை இழக்கும் தண்ணீரை ஈடுகட்ட வழியில்லாமல் சுருங்கிவிடும்.

உயிருள்ள வேர் தொட்டால் கெட்டியாக இருக்கும். காய்ந்திருக்கும்போது வெள்ளி கலந்த சாம்பல் நிறம், நனைந்ததும் சில நொடிகளில் பச்சை. வெளித்தோலான வெலாமன் தண்ணீரை உறிஞ்சி, உள்ளிருக்கும் பச்சையைக் காட்டுவதுதான் அந்த நிறமாற்றம். நுனியில் சில மில்லிமீட்டர் மட்டும் பளபளப்பாக, சில வகைகளில் சிவப்போடியிருந்தால், வேர் இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறது. விரலில் நசுங்கி, தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர்.

புதிதாக வாங்கிய இளஞ்செடியில் வேர்க்கட்டின் நடுவே ஒரு பாசி உருண்டை இறுக்கமாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நாற்றுப் பருவத்தில் வைத்தது அது. வெளிப்பட்டை காய்ந்திருக்கும்போதும் அந்த உருண்டை மட்டும் ஈரமாகவே இருந்து நடு வேர்களை அழுகவைக்கும். மேலே பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும், ஆனால் செடி மாதக்கணக்கில் அசையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, குச்சியால் மெல்லப் பிரித்தெடுங்கள்.

தொட்டி மாற்ற நல்ல நேரம் புது வேர் நுனிகள் கிளம்பும் சமயம். படரும் வகையில் புதுக் குருத்தின் அடியில் வேர் மொட்டுப்போலத் தெரியத் தொடங்கும்போது மாற்றினால், அந்த வேர்கள் நேராகப் புதுக் கலவைக்குள் இறங்கும். அவை நீண்ட பிறகு கைவைத்தால் நுனி ஒடியும், கட்லேயா வகைகளில் ஒடிந்த வேர் திரும்பக் கிளம்ப நாளாகும். பூத்திருக்கும்போது அவசரம் இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

தொட்டியின் அளவை வேர்க்கட்டை வைத்து முடிவு செய்யுங்கள், இலையின் விரிவை வைத்து அல்ல. வேரைச் சுற்றி ஒரு விரல் அகலம்கூட வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தாலே சரி. 'பெரிய தொட்டி கொடுத்தால் பெரிதாக வளரும்' என்பது தோட்டத்துப் பழக்கம், இங்கே அது செல்லாது. வேர் எட்டாத கலவை நாள்கணக்கில் ஈரமாக இருந்து புளித்து, வேரை அழுகவைக்கும். அதேபோல சின்னத் தொட்டியில் அடைத்துவைத்துப் பெரிய இனத்தை மினியாக்கவும் முடியாது. செடி நலிந்துபோகும், அவ்வளவுதான்.

வெட்ட வேண்டியிருந்தால் ஒவ்வொரு செடிக்கும் முன் கத்தரியை நெருப்பில் காட்டி ஆறவிடுங்கள். சிம்பிடியம் மொசைக் போன்ற வைரஸ்கள் வெட்டும் கருவியில் ஒட்டிய சாறு வழியாகத்தான் செடிக்குச் செடி தாவுகின்றன. வந்தால் மருந்து கிடையாது.

5. வெளிச்சத்தை நிலைப்படுத்துங்கள்

வேர் பிடித்த பிறகு வளர்ச்சியின் வேகத்தை முடிவு செய்வது வெளிச்சம். மினி ஃபலனாப்சிஸுக்குச் சுமார் 10,000 முதல் 15,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), கட்லேயா, டொலும்னியா வகைகளுக்கு 20,000 முதல் 30,000. கைப்பேசிச் செயலிகள் காட்டும் லக்ஸ் துல்லியமாக இருக்காது என்றாலும் இரண்டு இடங்களை ஒப்பிட உதவும்.

கருவி எதுவும் இல்லையா? பளிச்சென்ற நடுப்பகலில் செடிக்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் மங்கலாக, ஆனால் கை வடிவம் தெரிகிற மாதிரி விழுந்தால் ஃபலனாப்சிஸுக்குப் போதும். கூர்மையான கறுப்பு நிழல் விழுந்தால் அதற்கு அதிகம். நிழலே தெரியாவிட்டால் எல்.இ.டி விளக்கு தேவை. நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம், டைமரில் போடுங்கள். கையால் போட்டு அணைப்பது நாலு நாளைக்குத்தான் ஒழுங்காக நடக்கும்.

மினி செடிகளுக்கு மட்டும் உள்ள ஒரு பிரச்சினை, உயரம். ஜன்னலோரத்தில் பெரிய செடிகளோடு வைத்தால் அவற்றின் நிழலில்தான் இது நிற்கும். ஜன்னல் சட்டத்தின் விளிம்பே மறைத்துவிடுவதும் உண்டு. தலைகீழாகக் கவிழ்த்த ஒரு தொட்டியின் மேல் ஏற்றிவையுங்கள்.

6. தண்ணீர்

5 செ.மீ தொட்டி இரண்டு மூன்று நாளிலேயே காய்ந்துவிடும், காற்று வறண்ட அறையில் ஒரே நாளில். 'ஆர்க்கிட்டுக்கு வாரம் ஒரு தடவை தண்ணீர்' என்ற பொது அறிவுரை பெரிய தொட்டிக்குச் சொன்னது. மினி செடிகள் வளராமல் நிற்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் அழுகல் அல்ல, இந்த அறிவுரைப்படி நடந்ததால் வந்த வறட்சிதான்.

நாள் கணக்கு வேண்டாம். தண்ணீர் ஊற்றிய உடனே தொட்டியைக் கையில் தூக்கி எடையை உணருங்கள், மறுநாளும் தூக்குங்கள். சில நாளில் கைக்குக் கணக்கு வந்துவிடும். தொட்டி லேசாகி, சுவரோரத்து வேர்கள் சாம்பல் நிறமானதும் ஊற்றுங்கள். பாசியில் இருந்தால் மேற்பாசி வெளுத்து மொறுமொறுப்பாகத் தொடங்கும் கட்டம்.

ஊற்றும்போது அடித்துளை வழியாக வழிந்தோடும்வரை ஊற்றுங்கள். ஸ்பூனில் அளந்து விட்டால் மேல்பகுதி மட்டும் நனையும், உப்பும் உள்ளேயே தங்கும். காலையில் ஊற்றுவது நல்லது. இலைகளின் நடுவில் தேங்கிய துளி மாலைக்குள் காய்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் மெல்லிய தாளின் நுனியை விட்டு உறிஞ்சி எடுங்கள். ஒற்றைத் தண்டு வகைக்கு இருப்பது ஒரே குருத்து என்பதை மறக்க வேண்டாம்.

7. வெப்பமும் காற்று ஈரமும்

ஃபலனாப்சிஸ் 28 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் இலை விடும். பூந்தண்டு கிளம்ப, சில வாரங்கள் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஆக, இளஞ்செடி பெரிதாக வேண்டுமென்றால் அதைக் குளிரவைத்துப் பூக்கத் தூண்டக் கூடாது. முதலில் இலை, அப்புறம் பூ.

மாஸ்டிவேலியா போன்ற மலைக்காட்டு மினிகள் இதற்கு நேர்மாறு. இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத அறையில் பல இனங்கள் மெல்ல மெல்லச் சிறுத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு புது இலையும் முந்தையதைவிடச் சின்னதாக வந்து, கடைசியில் ஒன்றும் வராது. தண்ணீரையும் உரத்தையும் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. வெப்பமானியின் இரவு அளவைப் பார்த்த பிறகு இனத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி.

காற்று ஈரம் 50 முதல் 70 சதவீதம் போதும். கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைப்பதால் அதிகமாக ஒன்றும் உயராது, செடிகளை நெருக்கி வைப்பது கொஞ்சம் உதவும். கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் சிறு மின்விசிறி கட்டாயம், காற்று அசையாத ஈரத்தில் அழுகல் ஒரே இரவில் பரவும்.

8. உரம் கடைசியில்

வேர் நுனி வளர்வதைக் கண்ணால் பார்த்த பிறகு உரம் தொடங்குங்கள். உறிஞ்ச ஆளில்லாத தொட்டியில் உரம் வெறும் உப்பாகத்தான் சேரும்.

பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு, வாரம் ஒரு முறை, ஈரமான வேருக்கு. நான்காவது வாரம் வெறும் தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள். சின்னத் தொட்டியில் தண்ணீர் வேகமாக ஆவியாவதால் மிஞ்சும் உப்பு மற்ற தொட்டிகளைவிட விரைவாக அடர்த்தியாகும். வேர் நுனி கறுத்து நின்றாலோ, தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் தெரிந்தாலோ அளவு கூடிவிட்டது.

9. புது வளர்ச்சியைப் படியுங்கள்

முதல் இரண்டு மூன்று மாதம் இலை வராமல் வேர் மட்டும் வந்தால் பொறுத்திருங்கள், வரிசை அப்படித்தான். அப்புறம் குருத்தின் நடுவில், இரண்டு இலைகளுக்கு இடையே, கோடு போட்டது மாதிரி ஒரு வெளிர்பச்சை விளிம்பு தெரியும். அது முழு நீளத்தை அடைய ஃபலனாப்சிஸில் இரண்டு மூன்று மாதமாவது ஆகும். பாதியில் அளந்து "சின்னதாக வந்திருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள்.

புது இலை நீளத்திலும் அகலத்திலும் பெரிதாக இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு இலை சின்னதாக வந்தால் வேரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இலை கரும்பச்சையாகி நீண்டு தொங்கினால் வெளிச்சம் போதவில்லை, சிவந்து சுருங்கினால் அதிகம். இலை விசிறி மடிப்பாக வந்தால் அது வளரும்போது தண்ணீர் விட்டுவிட்டுக் கிடைத்திருக்கிறது. அந்த மடிப்பு நிமிராது, அடுத்த இலையில்தான் மாற்றம் தெரியும்.

பக்கவாட்டில் ஏதோ முளைக்கிறது, வேரா பூந்தண்டா என்று தடுமாறுவது எல்லோருக்கும் நடப்பது. வேரின் நுனி வழவழப்பாக உருண்டிருக்கும், நீள நீளப் பின்பகுதி வெள்ளிநிறமாகும். பூந்தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, செதில் மடிந்த விளிம்போடு இருக்கும். அது பச்சையாகவே நீண்டு, கணு விட்டு, வெளிச்சம் வரும் பக்கம் நிமிரும்.

மூன்று இலைகூட இல்லாத நலிந்த செடியில் பூந்தண்டு வந்தால் நான் வெட்டிவிடச் சொல்வேன். மனம் கேட்காதுதான். ஆனால் சேமித்த சத்தைப் பூவில் கொட்டிவிட்டால் அடுத்த இலை சிறுத்துத்தான் வரும்.

10. முழு அளவு எட்டியதை எப்படி அறிவது

அடுத்தடுத்து இரண்டு இலையோ, இரண்டு தண்டோ ஏறக்குறைய ஒரே அளவில் வந்து, செடியும் பூத்துவிட்டால் அது முழு அளவை எட்டிவிட்டது. ஒன்று மட்டும் நடந்தால் போதாது. மினி வகைகள் பல சின்ன வயதிலேயே பூக்கும், முதல் பூவைப் பார்த்து அளவை முடிவு செய்ய முடியாது. ஃபலனாப்சிஸ், ஆய்வகக் குடுவையில் வளர்த்த நாற்றிலிருந்து பூக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும், கட்லேயா வகைகள் பெரும்பாலும் இன்னும் தாமதம்.

இதற்குப் பிறகு அடியிலை ஒன்று மஞ்சளாகி விழும், மேலே ஒன்று வரும், எண்ணிக்கை மாறாது. இது இயல்பு. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இலை மஞ்சளானால் வேரைப் பாருங்கள்.

11. அதன் பிறகு எங்கே வளரும்

படரும் வகை உயரத்தில் நின்று அகலத்தில் பரவும். தண்டு தொட்டி விளிம்பைத் தாண்டினால் ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். பிரித்து நட விரும்பினால் ஒவ்வொரு பங்கிலும் குறைந்தது மூன்று நான்கு தண்டு, சொந்த வேர், ஒரு புதுக் குருத்து இருக்க வேண்டும். மினி வகையைப் பிரிப்பதில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. பிரித்தால் அடுத்த தண்டு சிறுத்து, பழைய அளவுக்கு வர ஒன்றிரண்டு ஆண்டு ஆகும். ஒரே தொட்டியில் இருபது தண்டு சேர்ந்து பூப்பதைப் பார்த்தவர்கள் கத்தரியை எடுக்கத் தயங்குவார்கள்.

ஒற்றைத் தண்டு வகையில் அடியிலை விழ விழத் தண்டு மேலேறும். இலைகள் தொட்டிக்கு மேலே நிற்க, புது வேர்கள் கலவையைத் தொடாமல் காற்றில் நீளும். அந்த வேர் சில சென்டிமீட்டர் வந்ததும், அதற்குக் கீழே உள்ள பழைய தண்டை வெட்டிவிட்டு, வெட்டுவாயை ஒரு நாள் உலரவிட்டு, அடியிலை கலவையை ஒட்டும்படி இறக்கி நடுங்கள். வேரில்லாத பகுதியில் வெட்டிவிட்டால் பழையபடி நான்காவது படிக்குப் போக வேண்டியிருக்கும். வெட்டிய அடித்தண்டில் பச்சை மிச்சமிருந்தால் எறிய வேண்டாம், ஈரப்பாசியில் வைத்தால் சில சமயம் பக்கக் குருத்து விடும். அதற்குத் தனி பெயர்ப்பட்டை வையுங்கள், அது புதுச் செடி என்பதால் அளவெடுப்பதையும் முதலிலிருந்து தொடங்குங்கள்.